பெரிய எஸ்யூவிகளின் பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்சக்கரங்களுக்குச் சாதாரணக் காயில் ஸ்பிரிங்கும் பின்சக்கரங்களுக்கு மட்டும் காற்று ஸ்பிரிங்கும் கொண்ட பெரிய எஸ்யூவிகள் பல உண்டு. 2006 முதல் 2013 வரை தயாரான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 (இ70), லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 470, டொயோட்டா பிராடோவின் உயர்வகைகள் ஆகியவை அவற்றுள் சில. இவற்றைப் பழைய வண்டியாக வாங்கியவர்கள் ஒரே வகையான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்கள் சொன்ன வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விளக்கத்துக்குப் பெரும்பாலும் இ70 வகை எக்ஸ்5 வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற வண்டிகளில் பாகங்களின் இடம் மாறலாம், வேலை செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

பின்பக்கத்துக்கு மட்டும் எதுக்கு ஏர் சஸ்பென்ஷன்? முன்னாடி ஏன் இல்ல?

முன்சக்கரங்கள் சுமப்பது பெரும்பாலும் எஞ்சினின் எடையைத்தான், அது மாறுவதில்லை. மூன்றாம் வரிசையில் ஆள் ஏறுவது, டிக்கியில் பெட்டிகள் ஏறுவது, டிரெய்லர் இழுப்பது எல்லாம் பின்சக்கரங்களின் தலையில்தான் விழுகின்றன. காயில் ஸ்பிரிங் என்றால் சுமை ஏற ஏறப் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். காற்று ஸ்பிரிங்கிலோ சுமைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் வண்டியை ஒரே உயரத்தில் நிறுத்திவிடலாம்.

உள்ளே இருக்கும் அழுத்தம் டயரில் இருப்பதைப் போன்றதன்று. காற்று ஸ்பிரிங்கின் ரப்பர் பையான பெல்லோவின் பயனுறு விட்டம் 11 சென்டிமீட்டர் என்றும் அதன்மேல் இறங்கும் சுமை 600 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் வருகிறது, அதாவது 6 பாருக்குச் சற்றுக் கூடுதல். ஆள்களும் சாமான்களும் ஏறினால் அது இன்னும் உயரும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எச்சரிக்கைகளின் காரணம் தானே விளங்கும்.

இதுல என்னென்ன பாகம் இருக்கு? எது முதல்ல போகும்?

பக்கத்துக்கு ஒரு பெல்லோ, அதாவது உள்ளே இழைகள் பொதிந்த ரப்பர் பை. காற்றை அழுத்தித் தரும் 12 வோல்ட் கம்ப்ரசர். அதோடு ஒட்டியிருக்கும் டிரையர். காற்றை இடப்பக்கமோ வலப்பக்கமோ அனுப்பும் வால்வு பிளாக். மெல்லிய நைலான் குழாய்கள். பக்கத்துக்கு ஒரு உயர சென்சார். இவை அனைத்தையும் ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி. கம்ப்ரசர் சில வண்டிகளில் ஸ்டெப்னி குழியிலும் சிலவற்றில் தரைக்கு அடியிலும் இருக்கும். இ70-இல் ஷாக் அப்சார்பர் தனியாகவும் பெல்லோ தனியாகவும் இருப்பதால், பெல்லோ கிழிந்தால் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே உருப்படியாகச் செய்த வண்டிகளில் அந்தச் சலுகை கிடையாது.

முதலில் போவது பெரும்பாலும் பெல்லோ. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் தன் அடிப்பகுதியில் உள்ள பிஸ்டனின் மேல் மடிந்து சுருண்டு இறங்குகிறது. லட்சக்கணக்கான முறை மடிந்த அந்த இடத்தில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. மடிப்புக்குள் மணலும் சேறும் புகுந்துகொண்டால் தேய்மானம் விரைவாகிறது.

காலையில பார்த்தா பின்னாடி ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குது. ஸ்டார்ட் பண்ணினா தானா சரியாயிடுது. அப்படியே ஓட்டலாம்தானே?

ஓட்டலாம், ஆனால் அந்த ஓட்டத்துக்கான விலையைக் கம்ப்ரசர் கொடுக்கும். அவ்வப்போது சில விநாடிகள் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சிறிய எந்திரம் அது. கசியும் பையை நிரப்ப அது நாள்தோறும் நிமிடக்கணக்கில் ஓடினால் சூடேறுகிறது, பிஸ்டன் வளையம் தேய்கிறது, ஒருநாள் முழுச் சுமையில் அழுத்தம் ஏற்றவே முடியாமல் நின்றுவிடுகிறது.

பலரும் அறியாத இரண்டாவது கேடு டிரையருக்கு நேர்வது. உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஈரத்தை டிரையரில் உள்ள மணிகள் பிடித்துக்கொள்கின்றன. வண்டியைத் தாழ்த்துவதற்காகக் காற்று வெளியேறும்போது, உலர்ந்த அந்தக் காற்று அதே மணிகள் வழியாகப் போய் ஈரத்தையும் வெளியே கொண்டுபோகிறது. கசிவுள்ள வண்டியில் காற்று பையின் வெடிப்பு வழியாகவே போய்விடுவதால், டிரையர் வழியாகத் திரும்பிச் செல்வதே அரிதாகிறது. மணிகள் ஈரத்தில் ஊறிவிடுகின்றன. ஈரம் வால்வு பிளாக்கிற்குள் சென்று அரிக்கிறது. கடலோர ஊர்களில், ஈரக்காற்றிலேயே வாழும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நேரும். ஒரு பெல்லோவோடு முடிய வேண்டிய செலவு பெல்லோ, கம்ப்ரசர், ரிலே (கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), வால்வு பிளாக் என்று வளர்வது இப்படித்தான். கம்ப்ரசர் இந்தக் கதையில் பெரும்பாலும் குற்றவாளியல்ல, பலியாள் என்பதே என் கருத்து.

கசிவு எங்கேன்னு வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று அளவும் கணக்கில் நுழைந்துவிடும். பிறகு சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்திய பிறகும் விழித்தெழுந்து உயரத்தைச் சரிசெய்யும் என்பதால், ஃபியூஸ் இருந்தால் கசிவு மறைந்துபோகும். வால்வுகள் மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும். ஆகவே ஃபியூஸை எடுத்ததால் மட்டும் காற்று இறங்காது. மறுநாள் காலையில் மீண்டும் அளந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது சோப்பு நீர்ச் சோதனை. பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, முதலில் பெல்லோவின் அடி மடிப்பில் சுற்றிலும் தெளியுங்கள். பிறகு மேல்முனையில் குழாய் சேரும் இடத்தில். பிறகு குழாயின் நெடுகிலும். வண்டி இயல்பான உயரத்தில், காற்று நிரம்பிய நிலையில் இருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்ட வண்டியில் வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். சக்கரம் தொங்கும்படி தூக்கிய வண்டியில் மடிப்பு இடம் மாறிவிடும். பெரிய குமிழிகளை எதிர்பார்க்காதீர்கள். கடுகளவு குமிழிகள் சேர்ந்து வெண்ணுரையாக ஓரிடத்தில் மெல்ல வளர்வதே வழக்கமான அறிகுறி. ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் எலி கடித்த குழாயும் கிடைக்கக்கூடும்.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குது. அப்ப கம்ப்ரசர் போச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. நின்றிருக்கும் வண்டியைத் தாங்குவது பைகளும் மூடிய வால்வுகளுமே. கம்ப்ரசர் முற்றிலும் செத்துப்போயிருந்தாலும் கசிவில்லாத வண்டி நின்ற உயரத்திலேயே நிற்கும். காற்று எங்கோ வெளியேறினால்தான் வண்டி இறங்கும். கம்ப்ரசர் போனதன் விளைவு இறங்கிய வண்டி மீண்டும் ஏறாமல் போவது.

இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. இரண்டு பைகளும் ஒரே வயதுடையவை என்பதால் இரண்டும் கசியலாம். அல்லது வால்வு பிளாக்கில் துரும்போ துருவோ சிக்கி வால்வுகள் சரியாக மூடாமல் இருக்கலாம். பைகளில் சோப்பு நீர் நுரைக்கவில்லை என்றால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்: கம்ப்ரசரின் காற்று வெளியேறும் துளையில் சோப்பு நீர் வைத்தால், வண்டி அணைந்திருக்கும்போதும் குமிழி வரும்.

ஊட்டிக்குப் போனப்ப ராத்திரி லேசா இறங்குச்சு. ஊருக்கு வந்ததும் அந்தப் பிரச்சினையே இல்ல. இது என்ன?

இது பெரும்பாலும் பழுதே இல்லை. வண்டியின் எடை மாறாததால் பைக்குள் அழுத்தமும் மாறாது. வெப்பம் குறைந்தால் காற்றின் கொள்ளளவு சுருங்கும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் இருந்த காற்று ஊட்டியின் இரவில் 10 டிகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 8 சதவீதம் சுருங்குகிறது. பின்பக்கம் ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ தாழ்வது இயல்பு. இரு பக்கமும் சமமாகத் தாழ்ந்து, எஞ்சினை ஓட்டியதும் சரியாகி, சமவெளியில் திரும்ப வராவிட்டால் விட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் அது குளிரால் மட்டும் வந்ததன்று. குளிரில் ரப்பர் விறைத்து, இருந்த வெடிப்பு வெளிப்பட்டிருக்கிறது.

ஸ்கேனர்ல கம்ப்ரசர் கோளாறுன்னு வந்துச்சு. கடையில கம்ப்ரசரை மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

ஸ்கேனரில், அதாவது வண்டியில் பதிவான கோளாறுக் குறிப்புகளைக் காட்டும் கருவியில், வந்த வரியை முழுவதும் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். இத்தகைய வண்டிகளில் அடிக்கடி வரும் குறிப்பு, ‘குறித்த நேரத்துக்குள் வண்டி உயரவில்லை’ என்ற பொருளுடையது. கம்ப்ரசர் தளர்ந்திருந்தாலும் அதே குறிப்பு வரும். நல்ல கம்ப்ரசர் ஓட்டைப் பையை நிரப்பப் போராடினாலும் அதே குறிப்பு வரும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவது உயரமும் நேரமும் மட்டுமே. காரணத்தைச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக்.

கம்ப்ரசரைத் தனியாகச் சோதிக்க வழி உண்டு. அழுத்தத்தை இறக்கிவிட்டு, வெளிவாயில் ஓர் அழுத்தமானியை இணைத்து ஓடவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ளது தயக்கமின்றி 10 பாரைக் கடக்கும். தேய்ந்தது பாதி வழியில் முனகிக்கொண்டே நிற்கும். ஓடும்போது அதன் மின்முனையில் உள்ள வோல்டேஜையும் அளக்க வேண்டும். முழுச் சுமையில் 20 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும் கருவி என்பதால், அரித்த இணைப்பில் வோல்டேஜ் விழுந்தாலே அது தளர்ந்ததுபோல் நடிக்கும். கசிவைச் சரிசெய்யாமல் புதுக் கம்ப்ரசர் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது பதிலில் சொன்னதெல்லாம் புதியதற்கும் நடக்கும்.

கம்ப்ரசர் சத்தமே வரல. செத்துப்போச்சா?

முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி கம்ப்ரசரை ஓடவே விடாது. அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தாலும் ஆறும்வரை நிறுத்திவைக்கும். ஒரு மணி நேரம் கழித்து அது தானே ஓடினால் காரணம் சூடுதான்.

நேர்மாறான கோளாறு இதைவிட ஆபத்தானது: ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், வண்டியை அணைத்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். உடனே ஃபியூஸைப் பிடுங்குங்கள். கம்ப்ரசர் மாற்றும்போது ரிலேயையும் கட்டாயம் மாற்றச் சொல்வது இதனால்தான். பழைய ரிலே பல மாதங்கள் அதிக வேலை பார்த்துக் கருகியிருக்கும்.

டயர் மாத்த ஜாக்கி போடலாமா? ஏதாவது ஆயிடுமா?

ஜாக்கியால் உடலைத் தூக்கும்போது சக்கரம் தொங்குகிறது. சென்சார் அதை ‘வண்டி மிக உயரமாக இருக்கிறது’ என்று புரிந்துகொள்ள, பெட்டி காற்றை வெளியேற்றக்கூடும். பிறகு ஜாக்கியை இறக்கினால், வெறும் பை தாறுமாறாக மடிந்து நசுங்கும். நல்ல பையே அன்றோடு கிழிந்துபோவதுண்டு. பல வண்டிகள் ஜாக்கியை உணர்ந்து தாமே நின்றுவிடும். அதை நம்பாமல் கையேட்டில் சொல்லியபடி சஸ்பென்ஷனை முடக்கிவிட்டு அல்லது ஃபியூஸை எடுத்துவிட்டுத் தூக்குவதே பாதுகாப்பு.

வண்டிக்கு அடியில் நுழைவதானால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது; உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். காற்று இறங்கினால் வண்டி நொடியில் பல சென்டிமீட்டர் தாழும், அந்த இடைவெளியில் இருப்பது உங்கள் தலையாக இருக்கலாம்.

பெல்லோவை நானே மாத்த முடியுமா?

ஸ்டாண்டும் ஸ்கேனரும் கைவசம் இருந்து, பொறுமையும் இருந்தால் இ70 போன்ற வண்டியில் முடியும். இது பலத்தைவிட ஒழுங்கைக் கேட்கும் வேலை. சக்கரத்தைக் கழற்றி, உள்மட்கார்டை விலக்கி, ஸ்கேனர் வழியாக அந்தப் பையின் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் குழாயின் நட்டைத் தளர்த்துவதானால் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, சீறல் முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். முதல் கேள்வியில் சொன்ன அழுத்தம் அந்த நுனியில்தான் இருக்கிறது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

காற்று இறங்கியபின் பெல்லோவை நசுக்கி, மேல்முனையை உடலிலிருந்தும் கீழ்முனையை லோயர் ஆர்ம் என்னும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கரத்திலிருந்தும் விடுவிக்கலாம். இரு முனைகளும் அமரும் இடத்தைத் துருவும் மண்ணும் இல்லாமல் துடைத்துவிடுங்கள். புதிய பெல்லோ முறுக்கிக்கொள்ளாமல், அதன் திசைக்குறி பொருந்தி அமர வேண்டும். முறுக்கியபடி நிரப்பினால் அதன் ஆயுள் குறையும். நைலான் குழாயின் பழைய நுனியைக் கூரிய கத்தியால் நேர்க்கோணத்தில் வெட்டி, புதிய நட்டோடு வரும் வளையத்தையே போடுங்கள். பழைய வளையம் ஒருமுறை கடித்த இடத்தில் மறுபடி சரியாகக் கடிக்காது.

இனி வருவதுதான் மிகுதியாகத் தவறும் கட்டம். வண்டியைத் தரையில் இறக்குவதற்கு முன், ஸ்கேனர் மூலம் பையில் ஓரளவு காற்றை ஏற்றி, மடிப்பு ஒழுங்காக உருள்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பார்க்க வேண்டும். காற்றில்லாத புதிய பையின் மேல் வண்டியின் எடையை இறக்கினால், முந்தைய பதிலில் சொன்ன கிழிசல் முதல் நாளே நேரும். அதற்கு வாரண்டியும் கிடைக்காது.

ஒரு பக்கம்தான் கிழிஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்தணுமா? ஒரிஜினல்தான் போடணுமா?

இரண்டும் ஒரே வயது, ஒரே சாலை. ஒன்று கிழிந்தபின் மற்றது நெடுநாள் தாங்குவது அரிது. இரண்டாவது கசியும் நாளில் கம்ப்ரசர் மறுபடி உழைக்கத் தொடங்கும். ஆகவே இரண்டையும் மாற்றுவதே சிக்கனம். கையில் காசு குறைவென்றால் ஒன்றை மாற்றிவிட்டு, மற்றதன் உயரத்தை மாதம் ஒருமுறை அளந்துவாருங்கள்.

வண்டி நிறுவனத்தின் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கான்டினென்டல், பில்ஸ்டைன், அமெரிக்காவின் ஆர்னட் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் பெல்லோக்கள் வெளிச்சந்தையிலும் கிடைக்கின்றன. பெயரே இல்லாத மலிவுப் பைகளையும், பழைய வண்டியிலிருந்து கழற்றிய பைகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். புதியதிலும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ரப்பர் அலமாரியில் இருந்தும் முதுமையடையும்.

டயர் மாதிரி பஞ்சர் ஒட்ட முடியாதா?

முடியாது. ஓயாமல் மடிந்து உருளும் இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது. உள்ளே சீலண்ட் திரவம் ஊற்றினால் அது வால்வு பிளாக்கையும் சேர்த்து அடைத்துவிடும். கிரீஸும் டீசலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெல்லோவுக்குத் தேவையான பராமரிப்பு, தண்ணீரால் மடிப்பைக் கழுவுவது மட்டுமே.

எல்லாம் புதுசா மாத்தியாச்சு. இப்பவும் ஒரு பக்கம் உயரமா நிக்குது. ஏன்?

காற்று குறைந்தால் வண்டி தாழும்; உயரமாக நிற்கிறதென்றால் பெட்டிக்குத் தவறான தகவல் போகிறது என்று பொருள். உயர சென்சாரின் சிறு கோல் பந்துமூட்டிலிருந்து கழன்றிருக்கலாம், வளைந்திருக்கலாம், அல்லது பெல்லோ வேலையின்போது யாரோ கை வைத்து இடம் மாற்றியிருக்கலாம். ஸ்கேனரில் இரு பக்க அளவையும் பார்த்து, நான்காவது பதிலில் சொன்ன முறையில் கையால் அளந்ததோடு ஒப்பிட்டால் பொய் சொல்லும் பக்கம் தெரிந்துவிடும்.

சென்சாரோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ மாற்றப்பட்டால், கையால் அளந்த உயரத்தை ஸ்கேனரில் பதிந்து புதிதாகக் கற்பிக்க வேண்டும். இந்த வேலை முடியும் முன் வீல் அலைன்மென்ட் செய்வது வீண். உயரம் மாறினால் பின்சக்கரங்களின் கோணமும் மாறும்.

ஏர் சஸ்பென்ஷனே வேண்டாம்னு தூக்கிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுட்டா?

இது புதிய யோசனையன்று. 1957-ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ புரோம் காரில் நான்கு சக்கரங்களுக்கும் காற்று ஸ்பிரிங் இருந்தது. கசிவு தாளாமல் அதன் உரிமையாளர்கள் பலர் காயிலுக்கு மாறினார்கள். இன்றும் இ70 உட்படப் பல வண்டிகளுக்கு மாற்றுத் தொகுப்புகள் விற்கப்படுகின்றன.

குடும்பத்தில் இருவர் மூவர் மட்டும் போகும் வண்டி, வண்டியின் விலையே இறங்கிவிட்டது என்ற நிலையில் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. இழப்பது சமநிலைப்படுத்தும் வசதியை: ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் தாழும், வெறுமையாக ஓடும்போது சற்று விறைப்பாக இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாதபடி கட்டுப்பாட்டுப் பெட்டியின் நிரலாக்கத்தையும் முறையாக மாற்ற வேண்டும். விளக்கின் பல்பைப் பிடுங்குவது அதற்கு ஈடாகாது. காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். டிரெய்லர் இழுப்பவர்களும் மூன்றாம் வரிசையை நிதமும் பயன்படுத்துபவர்களும் மாற்றாமலிருப்பதே நல்லது.

நடுவழியில பின்பக்கம் முழுசா உட்கார்ந்துடுச்சு. ஓட்டிக்கிட்டே ஊர் போய்ச் சேரலாமா?

அப்போது வண்டியின் எடை பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையின் மேல் நிற்கிறது. ஸ்பிரிங் என்று ஒன்று இல்லை. பள்ளத்தில் விழும் அடி நேரே உடலுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போகும். டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று இறங்கிப் பாருங்கள். உரசினால் நகர்த்தாதீர்கள், வண்டியை முழுவதுமாக ஏற்றிச் செல்லும் தட்டு லாரியை வரவழையுங்கள். உரசாவிட்டால் ஃபியூஸை எடுத்துவிட்டு, சாமான்களையும் ஆள்களையும் இறக்கி, மிக மெதுவாக அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் போகலாம்.

பழைய வண்டி பார்க்கப் போறேன். இதை எப்படிச் சோதிக்கிறது?

விற்பவரிடம், வண்டியை முந்தைய இரவே நிறுத்திவிட்டு நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்ந்திருந்தால் இரு பக்கமும் அளந்து, ஸ்டார்ட் செய்து, கம்ப்ரசர் எத்தனை நேரம் ஓடுகிறது என்று காதுகொடுத்துக் கவனியுங்கள். பிறகு இருவரைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள்: வண்டி சற்றுத் தாழ்ந்து, சில விநாடிகளில் பழைய உயரத்துக்கு வர வேண்டும், அவர்கள் இறங்கியதும் மெல்லிய சீறலோடு காற்று வெளியேறித் தாழ வேண்டும். அந்தச் சீறல் கேட்டால் வெளியேற்றும் வால்வும் வேலை செய்கிறது.

கடைசியாக, பின்சக்கரத்தின் உட்புறம் டார்ச் அடித்து இரு பெல்லோக்களின் மடிப்பையும் பாருங்கள். ஒன்று புதிதாகவும் மற்றது வெடித்தும் இருந்தால், இரண்டாவதன் விலையோடு கம்ப்ரசரின் விலையையும் சேர்த்துக் கழித்துப் பேரம் பேசுங்கள்.